மூணாவது சிலிண்டர்

என்னையத் திருடன்னு முதல்ல சொன்னது எங்க முதலாளி இல்ல. பழங்காநத்தத்துல கார் ரிப்பேர்ப் பட்டறை வச்சிருந்தான் பாருங்க ஜெயக்கொடி, அவன்தான் சொன்னான். அவன் வாய நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருசம், வெள்ளக்காரன் காலம், ஐப்பசி மாசம். எம்பேரு சுருளி. வெங்கடரமணன்கிற பட்டு வியாபாரிகிட்ட அப்ப நான் கார் டிரைவர். சௌராஷ்டிரக் குடும்பம். தெற்கு மாசி வீதியில இருந்து பிரியுற ஒரு சந்துல வீடு. மாடியில தறி, கீழ கடை, பின்னாடி கார் நிக்கிற ஷெட்டு. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கிற பெரிய வீட்டுக்காரங்க கடைக்கு வரமாட்டாங்க, நாமதான் சேலையத் தூக்கிட்டுப் போகணும். காரைக்குடி, ராமநாதபுரம், அருப்புக்கோட்டைன்னு எங்க போனாலும் நான்தான் ஓட்டுவேன். துணிக்கூரை போட்ட நாலு சிலிண்டர் வண்டி. ஏழு வருசத்துப் பழசுதான், ஆனா நாலும் சேர்ந்து அடிச்சா தையல் மிஷின் மாதிரி ஒரே சீரா ஓடும்.

அந்த ஐப்பசியில நாலுல ஒண்ணு அடிக்க மாட்டேன்னுருச்சு. எப்பவும் இல்ல, அதுதான் வம்பே. ஷெட்டுக்குள்ள நிறுத்தி ஓட்டிப் பாத்தா நாலும் நல்லா அடிக்கும். நாலு ஆள ஏத்தி, மூட்டையையும் ஏத்தி, ஒரு மேட்டுல கொண்டுபோயி மிதிச்சா அப்ப ஒரு அடி விட்டுப் போகும். வண்டி குலுங்கும். பின்னாடி குழாயில ‘டப்பு’ன்னு வெடிக்கும். ஊரே திரும்பிப் பாக்கும்.

ஒரு நா அருப்புக்கோட்டைக்கு முகூர்த்தச் சேலை கொண்டுபோனோம். வழியில ஒரு பாலத்து மேட்டுல வண்டி இழுக்கவே இல்ல. நானும் முதலாளியும் எறங்கித் தள்ளி, போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. அந்த வீட்டுக்காரரு வேற கடையில எடுத்துட்டாரு. முதலாளி திரும்பி வர்ற வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல. அவரு பேசாம இருந்தா கோவமா இருக்காருன்னு அர்த்தம். எனக்குக் கோவம் வந்தா நான் கத்துவேன். அவரு வாய மூடிக்குவாரு.

மறுநா செவ்வாக்கெழம ஜெயக்கொடி பட்டறைக்கு விட்டோம். அவன் பானெட்டைத் திறந்தானா? பத்து நிமிசம் உத்துப் பாத்தானா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. பெட்ரோல் டாங்கி மூடியக் கழத்தி மோந்தான். பெறகு என் கையப் பிடிச்சு மோந்தான். என் கையில மண்ணெண்ணெய் வாடை அடிச்சது வாஸ்தவம். அன்னைக்குக் காலையிலதான் எஞ்சினுக்குப் பொறி விடுற பிளக்கைக் கழத்தி மண்ணெண்ணெய்ல கழுவியிருந்தேன்.

“முதலாளி, வண்டியில கோளாறே இல்ல. பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கு. பெட்ரோல வித்துட்டு அந்த அளவுக்கு இத ஊத்துறது டிரைவருங்க எல்லாம் பண்றதுதான்”னான். என்னைய ஏற எறங்கப் பாத்தான். “கீழக்குயில்குடி ஆளுதானே இவன்?”

அவன் அத ஏன் கேட்டான்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னாத்தான் வெளங்கும். எங்க ஊரு ஆம்பளைங்க பேரு அம்புட்டும் போலீஸ் நோட்டுல இருந்துச்சு. ரேகைச் சட்டம்னு சொல்லுவோம். பத்து வெரலையும் மையில அமுக்கி எடுத்துருவான். எவனோ எங்கயோ மாட்டைக் களவாண்டான்னு, ஒண்ணுந் தெரியாத எங்களையும் சேத்து ராத்திரி போலீஸ் கொட்டகையில கொண்டாந்து படுக்கப் போட்டான். பேரக் கூப்பிடுறப்ப ‘இருக்கேன்’னு சொல்லணும். விடிஞ்சப்பெறகுதான் வீட்டுக்கு விடுவான். பக்கத்து ஊருக்குப் போகணும்னாலும் சீட்டு வாங்கணும்.

எனக்குக் கல்யாணமாகி முதப் பிள்ளை ஆம்பளப் பிள்ளை. ஏழு மாசத்துல அதுக்கு ராத்திரியில காய்ச்ச வந்து இழுத்துருச்சு. எம்பொண்டாட்டி பாண்டியம்மா கொட்டகை வாசலுக்கே பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்தா. நான் உள்ள இருந்து கும்பிட்டேன், காலுல விழுந்தேன். விடியட்டும்னான். விடியல. அதாவது, அந்தப் பிள்ளைக்கு விடியல.

அப்பறந்தான் டிரைவர் வேலை கத்துக்கிட்டு இவர்கிட்ட வந்து சேர்ந்தேன். இவன் யோக்கியன், இவனுக்கு நான் ஜாமீன்னு முதலாளி எழுதிக் குடுத்தாரு. அந்தக் கடுதாசிய வச்சு எனக்குக் கொட்டகையில இருந்து விலக்கு குடுத்தாங்க. அஞ்சு வருசமா நான் எம்வீட்டுல படுத்தேன். அதுக்காக அந்த மனுசனுக்கு நான் நாயா உழைச்சேன், பொய் சொல்லக் கூடாது, சந்தோசமாத்தான் உழைச்சேன். இப்ப பாண்டியம்மா ரெண்டாவது பிள்ளைக்கு நிறைமாசம்.

பட்டறையில இருந்து வீடு திரும்புனதும் முதலாளி கூப்பிட்டாரு.

“சுருளி, நான் உன்ன திருடன்னு சொல்லல.”

“மேல சொல்லுங்க முதலாளி.”

“சனிக்கிழமை வரைக்கும் டயம் தர்றேன். என்ன கோளாறுன்னு என் கண்ணுக்கு முன்னாடி காட்டு. காட்டலைன்னா இனிமே உனக்கு நான் ஜாமீன் இல்லைன்னு ஸ்டேஷனுக்கு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல.”

அம்புட்டுத்தான் பேச்சு. எனக்கு வந்தது கோவமா பயமான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல. வீட்டுக்கு வந்து பாண்டியம்மாகிட்ட சொல்லல. அவ அம்மா, எங்க அத்தை ராக்கம்மா, மாமா செத்தப்பெறகு எங்களோடதான் இருந்துச்சு. அதுகிட்டயும் சொல்லல.

புதன்கிழம முதல் வேலையா பெட்ரோல் டின்னு வைக்கிற பொட்டிச் சாவிய முதலாளி கையில குடுத்தேன். இருக்குற பெட்ரோல் அம்புட்டையும் வடிச்சேன். டாங்கியக் கழுவினேன். “நீங்களே டின்ன உடைச்சு உங்க கையால ஊத்துங்க முதலாளி”ன்னேன். ஊத்தினாரு. திருப்பரங்குன்றம் ரோட்டுல ரயில் பாலத்து ஏத்தத்துல மிதிச்சேன். டப்புன்னு வெடிச்சது. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு, வண்டி கெட்டதுக்கு நான் சந்தோசப்பட்டது அன்னைக்குத்தான்.

“இப்ப என்ன சொல்றீங்க?”ன்னேன்.

“குழாயில பழசு மிச்சம் இருந்திருக்கும்”னாரு.

போச்சுடா. ஒரு ஆளுமேல சந்தேகம் விழுந்துட்டா அவன் எதக் காட்டினாலும் அதுக்கு ஒரு பதில் தயாரா இருக்கும்.

வியாழக்கிழம கொட்டாப்புளிச் சுத்தியலும் ஸ்குரு டிரைவருமா ஷெட்டுக்குள்ள எறங்கிட்டேன். முதல்ல எந்தச் சிலிண்டர் அடிக்கலன்னு தெரியணும். சும்மா ஓட்டினா தெரியாது, பாரம் இருந்தாத்தான் தெரியும். ஷெட்டுக்குள்ள பாரத்துக்கு எங்க போறது? நாலு சக்கரத்துக்கும் அம்மிக்கல்லு கணக்கா கல்ல முட்டுக் குடுத்தேன். முதலாளி மகன் ஜனகராஜ கூப்பிட்டு டிரைவர் சீட்டுல உக்கார வச்சேன்.

ஜனகராஜு காலேஜுல சயின்ஸ் படிச்சுக்கிட்டிருந்த பையன், பத்தொன்பது வயசு. அந்த வீட்டுல என்னைய அண்ணேன்னு கூப்பிட்டது அவரு ஒருத்தர்தான். வண்டி ஓட்டவும் எங்கிட்டதான் கத்துக்கிட்டாரு. வீட்டுல அவங்க பாஷையில பேசினாலும் எங்கிட்ட மதுரைத் தமிழ்தான்.

“தம்பி, கியரப் போட்டு கிளச்ச பாதி மட்டும் விடுங்க. வண்டி முன்னால போகப் பாக்கும், கல்லு விடாது. எஞ்சினு முக்கும். அம்புட்டுத்தான் வேணும். ரொம்ப நேரம் விட்டுறாதீங்க, கிளச்சு தேஞ்சிரும்.”

அவரு விட்டாரு. எஞ்சின் முக்குச்சு. தட தட தட, அடுத்து ஒண்ணக் காணோம். மரப்பிடி போட்ட ஸ்குரு டிரைவரால ஒவ்வொரு பிளக்கையும் எஞ்சின் உடம்போட தொட வச்சேன். நல்லா அடிக்கிற சிலிண்டர அப்படித் தொட்டா கரண்டு அப்படியே எஞ்சின் உடம்புக்குப் போயிரும், எஞ்சின் இன்னும் நொண்டும். ஒண்ணாவதத் தொட்டேன், நொண்டுச்சு. ரெண்டாவது, நொண்டுச்சு. நாலாவதும் அப்படித்தான். மூணாவதத் தொட்டேன், ஒரு மாத்தமும் இல்ல. ஏற்கெனவே செத்துக் கெடக்குறவனக் கிள்ளினா கத்துவானா?

மூணாவது பிளக்கைக் கழத்தி ஒண்ணாவதுல போட்டேன், ஒண்ணாவதுல இருந்தத மூணாவதுல போட்டேன். மறுபடியும் மூணாவதுதான் அடிக்கல. அப்ப பிளக்கு நல்ல பிளக்கு. வால்வு இடைவெளி பாத்தேன், சரியா இருந்துச்சு. கரண்டு உண்டாக்குற மேக்னெட்டோ மூடியத் திறந்து துடைச்சேன், சுத்தமா இருந்துச்சு. மூணாவது வயரையும் நாலாவது வயரையும் ரெண்டு முனையிலயும் கழத்தி இடம் மாத்தினேன். “விடுங்க தம்பி கிளச்ச”ன்னேன்.

இந்தத் தடவ மூணாவது அடிச்சது, நாலாவது செத்துச்சு.

எனக்கு ‘டேய்!’னு கத்தணும் போல இருந்துச்சு. கோளாறு வயரோட நடந்து போயிருச்சு பாருங்க. அப்ப வயர்லதான் சங்கதி.

ஆனா வயரப் பாத்தா எனக்கு ஒண்ணும் பிடிபடல. நாலு வயர்லயும் அரக்கு நெறத்துல பட்டுத்துணி சுத்தி, மேல அரக்கும் பூசி, பாக்க அம்புட்டு நேர்த்தியா இருந்துச்சு. மாமா செத்த பதினாறாம் நா காரியத்துக்கு நான் புரட்டாசியில மூணு நா லீவு போட்டிருந்தேன். அப்ப ஜனகராஜு பண்ணின வேலை அது. “அண்ணே, பட்டு கரண்டக் கடத்தாது. புஸ்தகத்துலயே போட்டிருக்கு. இனி மழை ஒண்ணும் பண்ணாது”ன்னு பெருமையாச் சொன்னாரு. நானும் சபாஷ்னேன். பட்டு கரண்டக் கடத்தாதுங்கிறது எனக்கும் தெரியும், அதனால அந்தச் சுத்தின துணிமேல எனக்குச் சந்தேகமே வரல. அதுல என் தப்பும் இருக்கு, ஒத்துக்கிறேன். கண்ணு முன்னாடி இருந்தத ரெண்டு நா விட்டுட்டுப் பெட்ரோலையும் பிளக்கையும் கட்டி அழுதிருக்கேன்.

ஷெட்டுக் கதவைச் சாத்தினேன். பகல் வெளிச்சம் இடுக்குலயெல்லாம் வந்துச்சு. ஒரு கறுப்புக் கம்பளிய பானெட்டு மேல போத்தி, போட்டோ எடுக்குறவன் மாதிரி நான் அதுக்குள்ள தலைய விட்டேன். எண்ணெய் வாடையும் சூடும் மூச்சு முட்டுச்சு.

“விடுங்க தம்பி!”

எஞ்சின் முக்குச்சு. வயர எஞ்சினோட பிடிச்சு நிறுத்துற பித்தளைக் கிளிப்பு ஒண்ணு உண்டு. அந்தக் கிளிப்புக்கும் பட்டுத்துணி ஓரத்துக்கும் நடுவுல நீல நெறத்துல பொறி துள்ளுச்சு. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டு அம்புட்டும் அங்கதான் ஒழுகிக்கிட்டிருந்துச்சு. பாரம் ஏறுனா சிலிண்டருக்குள்ள பொறி குதிக்கிறது கஷ்டம். கரண்டு சொகுசான வழிய எடுத்துக்கிட்டுக் கிளிப்பு வழியா எறங்கிருது. பாரம் இல்லாதப்ப ஒழுங்காப் பிளக்குக்குப் போயிருது. அதுதான் ஷெட்டுல நல்லா ஓடி, மேட்டுல மானத்த வாங்குச்சு.

அந்த வயரக் கழத்தி, கத்தியால அரக்கச் சுரண்டி, துணிய மெதுவாப் பிரிச்சேன். நாலு சுத்துப் பிரிச்சேன். அஞ்சாவது சுத்துல பளபளன்னு இருந்துச்சு. சரிகை! ஒரு வெரல் அகலத்துக்குச் சேலை ஓரத்துச் சரிகை. அதுக்கும் அடியில ரப்பரு கண்டபடி கடிபட்டு உள்ள செம்புக்கம்பி தெரிஞ்சது. கம்பிமேல வெள்ளிச் சரிகை சாஞ்சு கெடக்கு. சரிகையோட இன்னொரு முனை துணி ஓரத்துல கிளிப்பத் தொட்டுக்கிட்டிருக்கு. மத்த மூணு வயரையும் பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் சரிகை இருந்துச்சு, ஆனா ரப்பரு முழுசா இருந்ததால ஒண்ணும் ஆகல.

ஜனகராஜு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

“எலி கடிச்சுதுண்ணே”ன்னாரு. “வண்டிக்குள்ள கடலமிட்டாய்ப் பொட்டலத்த வச்சு மறந்துட்டேன். அதுக்கு வந்த எலி வயரக் கடிச்சிருச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு நானே சுத்தி மறைச்சேன். மத்த மூணையும் பாக்க ஒண்ணாத் தெரியட்டும்னு சுத்தினேன். அம்மாகிட்ட பட்டுத்துணி கேட்டேன். கிழிஞ்ச சேலையில ஓரம் வெட்டிக் குடுத்தாங்க.”

“சரிகையோடயா சுத்துவீங்க? சயின்ஸ் படிச்ச புள்ளை!”

“சரிகை இருந்ததையே நான் பாக்கல. அம்மா துணிய மடிச்சுத் தச்சுக் குடுத்தாங்க.”

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துச்சு. “கடலமிட்டாய்க்காக என்னைய ஜெயில்ல தள்ளப் பாத்தீங்களே தம்பி”ன்னு கத்தி, சனிக்கிழம கெடுவையும் ஜாமீன் கடுதாசியையும் சொன்னேன். அவரு அழுகுற மாதிரி நின்னாரு. “உங்களுக்கு ஜாமீன் விஷயம் இருக்கிறது எனக்குத் தெரியாதுண்ணே”ன்னாரு. தெரியாதுதான். அவங்கப்பா அதெல்லாம் வீட்டுல பேசமாட்டாரு.

அப்பறம் மெதுவாச் சொன்னாரு: “அண்ணே, கடையில புது வயர் இருக்கு. நான் காசு தர்றேன். இப்பவே மாத்திருவோம். நாளைக்கு வண்டி நல்லா ஓடும். அப்பா சந்தோசப்படுவாரு. அவ்வளவுதானே வேணும்?”

“அதுதான் வேணாம்”னேன். “யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு வண்டி திடீர்னு நல்லா ஓடுனா உங்கப்பா என்ன நெனைப்பாரு? பயல் பயந்துட்டான், மண்ணெண்ணெய் கலக்குறத நிறுத்திட்டான்னுதான் நெனைப்பாரு. வண்டியச் சரி பண்ணினேன்னா நான் திருடன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. வண்டி அவரு கண்ணு முன்னாடி கெடணும் தம்பி. அப்பறம் அவரு கண்ணு முன்னாடியே சரியாகணும்.”

அவரு பிரிச்ச துணியப் பொறுக்கி என் கையில குடுத்தாரு. “சரிண்ணே, எலிக் கதைய நானே அப்பாகிட்ட சொல்றேன்”ன்னாரு. அந்த வயசுல அது பெரிய விஷயம், நான் அத மறக்கல.

வெள்ளிக்கிழம காலையில புது வயர் வாங்கி வச்சுக்கிட்டு, மத்த மூணு வயருலயும் துணியக் கழத்திட்டு, அந்த மூணாவது வயர மட்டும் சரிகையும் துணியுமா முன்ன இருந்த மாதிரியே சுத்தி மாட்டினேன். முதலாளியக் கூப்பிட்டேன். அவருக்குப் பின்னாலயே அவரு சம்சாரம் ரங்கநாயகி அம்மாவும் வந்து வாசப்படியில நின்னாங்க. பெட்ரோல முதலாளியே ஊத்தினாரு. ஜனகராஜு கிளச்ச விட்டாரு. வண்டி நொண்டுச்சு, வெடிச்சது.

“இப்ப கம்பளிக்குள்ள வாங்க முதலாளி.”

அவரு சுத்தபத்தமான ஆளு. நெத்தியில நாமம், தோள்ல சலவை அங்கவஸ்திரம். தயங்கினாரு. அப்பறம் அங்கவஸ்திரத்த எடுத்துப் படியில வச்சிட்டு எம்பக்கத்துல தலைய நுழைச்சாரு. ரெண்டு பேரும் ஒரே கம்பளிக்குள்ள. பொறி துள்ளுச்சு. “அது என்னது?”ன்னாரு. “அதுதான் மண்ணெண்ணெய்”ன்னேன். கோவத்துலதான் சொன்னேன், அவருக்கு அது புரிஞ்சது.

வயரக் கழத்தி அவரு கையிலயே குடுத்துப் பிரிக்கச் சொன்னேன். சரிகை வெளிய வந்துச்சு. ஜனகராஜு எலி, கடலமிட்டாய், எல்லாத்தையும் அவங்க பாஷையில மளமளன்னு சொன்னாரு. அஞ்சு வருசம் கேட்ட காது, எனக்குப் பாதி விளங்குச்சு. முதலாளி திரும்பிச் சம்சாரத்தக் கேட்டாரு, சரிகை ஏன் உள்பக்கமா இருக்குன்னு.

அந்தம்மா எனக்கும் விளங்கட்டும்னு தமிழ்லயே சொன்னாங்க. “வெளியில தெரிஞ்சா எண்ணெய் பட்டுக் கறுத்துருமே. சரிகையக் கறுக்க விடலாமா? அதான் உள்ள மடிச்சுத் தச்சேன்.”

சரிகையில பொறந்து சரிகையில வளர்ந்த வீடு. வேற யாரு வீட்டுலயாவது இருந்தா கந்தத் துணிய எடுத்துக் குடுத்திருப்பாங்க, வண்டியும் ஓடியிருக்கும். அந்தம்மா மேல எனக்குக் கோவமே வரல.

புது வயர மாட்டினேன். கிளச்ச விட்டதும் நாலும் சேர்ந்து அடிச்சது, கல்லத் தள்ளிக்கிட்டு வண்டி முன்னால வரப் பாத்துச்சு. முதலாளி அந்தச் சரிகைத் துண்ட வெளிச்சத்துல பிடிச்சு நகத்தால கீறிக்கிட்டே, “பாத்தியா சுருளி, அசல் வெள்ளி. கலப்படம்னா கரண்டு இப்படி ஓடுமா?”ன்னு சிரிச்சாரு. அவரு சிரிச்சு அன்னைக்குத்தான் பாக்குறேன்.

எனக்குச் சிரிப்பு வரல. “முதலாளி, ஜாமீன் விஷயம்”னேன்.

அவரு சிரிப்பு நின்னுச்சு. அங்கவஸ்திரத்த எடுத்து உதறினாரு. மறுபடியும் உதறினாரு.

“புதன்கிழமை பாலத்து மேட்டுல வெடிச்சது பாரு... அன்னைக்குச் சாயங்காலமே ஜாமீன் இல்லைன்னு எழுதித் தபால்ல போட்டுட்டேன்.”

“சனிக்கிழமை வரைக்கும்னு சொன்னீங்களே!”

“சொன்னேன். மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. நாளைக்கு ஏதாவதுன்னா எம்பேரு கெட்டுருமேன்னு...”

நான் கத்துவேன்னு அவரு நெனைச்சிருக்கணும், ஒரு அடி பின்னால போனாரு. நான் கத்தல. கத்தச் சத்தம் இருந்தாத்தானே. ஜனகராஜுதான், “அப்பா, வண்டியில ஏறுங்க”ன்னு சொன்னாரு. முதல் தடவையா அவரு அப்பாவ அதட்டி நான் கேட்டது அதுதான்.

வண்டி அன்னைக்குப் பறந்துச்சு. ஸ்டேஷன்ல மலையாண்டின்னு ஒரு ஏட்டு உக்காந்திருந்தான். முதலாளியப் பாத்ததும் எந்திரிச்சு நாற்காலி போட்டான். முதலாளி நடந்தத எல்லாம் சொன்னாரு. எலியில ஆரம்பிச்சு சரிகை வரைக்கும். ஏட்டு நல்லாக் கேட்டான், நடுவுல சிரிக்கக்கூடச் செஞ்சான்.

“சாமி, உங்க கடுதாசி நேத்தே வந்து நோட்டுல ஏத்தியாச்சு. விலக்கு ரத்தாயிருச்சு. ஏத்துறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு, எடுக்குறதுக்கு இல்ல. அதுக்கு மேல இருந்து உத்தரவு வரணும்.”

“நான்தானே எழுதினேன்? நானே தப்புன்னு சொல்றேனே?”

“எழுதிக் குடுங்க, அனுப்புறேன்.”

அவரு எழுதினாரு. நான் பக்கத்துலயே நின்னு, “வண்டிக் கோளாறு எங்க வீட்டுத் தப்புனால வந்ததுன்னு எழுதுங்க முதலாளி”ன்னேன். ஒரு நிமிசம் பேனா நின்னுச்சு. அப்பறம் எழுதினாரு. அவரு மகன் பேரையும் எழுதினாரு. பாவம்னு இருந்துச்சு, அதே நேரம் நல்லா வேணும்னும் இருந்துச்சு.

“உத்தரவு எப்ப வரும்?”னு ஏட்டக் கேட்டேன்.

“வர்றப்ப வரும். அதுவரைக்கும் ராத்திரி கொட்டகைக்கு வந்துரு சுருளி. இன்னைக்கே வந்துரு.”

வெளிய வந்ததும் முதலாளி என் கையப் பிடிச்சாரு. “வீட்டுல நிறைமாசமா இருக்காங்கன்னு ஜனகராஜு சொன்னான்”ன்னாரு. “ஆமா”ன்னேன். “ராத்திரி வண்டி உன் வீட்டு வாசல்ல நிக்கட்டும். ஜனகராஜு வண்டியிலயே படுத்துக்குவான். வலி எடுத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான்”னாரு. மெத்தையில படுத்த பையன், எங்க தெருவுல கொசுக்கடியில பத்து நாளு கார் சீட்டுல படுத்தாரு. எங்க அத்தை கம்பங்கஞ்சி குடுத்தா குடிச்சாரு. தெருக்காரங்கெல்லாம் மொதல்ல வேடிக்கை பாத்தாங்க, அப்பறம் பழகிப் போச்சு.

பாண்டியம்மாகிட்ட அன்னைக்குத்தான் எல்லாத்தையும் சொன்னேன். அவ அழுகல. “மறுபடியுமா?”ன்னு ஒரு வார்த்தை கேட்டா. கொட்டகைக்குக் கொண்டுபோகப் பாயச் சுருட்டிக் குடுத்தா.

பதினோராம் நா, விடியறதுக்குச் செத்த முன்னாடி, கொட்டகையில படுத்துக்கிட்டிருக்கேன். தூக்கமெல்லாம் கெடையாது. ஊருப் பக்கமிருந்து கார் சத்தம் வருது. ஒரு நொடியில தெரிஞ்சு போச்சு, நம்ம வண்டின்னு. எந்திரிச்சு வாசலுக்கு ஓடினேன். காவக்காரன் தடிய நீட்டிட்டான். கொட்டகையத் தாண்டினா கம்மாக்கரை மேடு. நான் மூச்ச நிறுத்திக்கிட்டு எண்ணினேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ஒரு அடி தப்பல. பாரத்தோட மேட்டுல அப்படியே ஏறிப் போச்சு வண்டி. வெளக்கு வெளிச்சம் கருவேல மரத்துல பட்டு மறைஞ்சது.

காலையில அவுத்துவிட்டதும் ரோட்டுலயே ஓடினேன். பாதி வழியில ஜனகராஜு வண்டியோட எதுக்க வந்தாரு. கண்ணெல்லாம் செவந்து போயி, சட்டையெல்லாம் கசங்கி இருந்தாரு. “பொம்பளப் பிள்ளைண்ணே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க”ன்னாரு. நான் ரோட்டுலயே உக்காந்து அழுதுட்டேன். அம்புட்டு சந்தோசம். அவரு எறங்கி வந்து எம்முதுகத் தடவிக் குடுத்தாரு. சந்தோசத்துலதான் அழுதேன், ஆனா நாலு முழம் தள்ளி அந்த வண்டி போறப்ப நான் தடிக்குப் பின்னாடி நின்னேன்கிறதும் அந்த அழுகையில இருந்துச்சு.

பிள்ளைக்கு முத்துத்தாய்னு பேரு வச்சோம். ரங்கநாயகி அம்மா சரிகை இல்லாத ஒரு பட்டுத்துண்டக் கொண்டாந்து தொட்டிலுக்குக் குடுத்தாங்க. முதலாளி மாசம் ரெண்டு தடவ ஸ்டேஷனுக்கு எழுதினாரு. நானும் வேலைய விடல, வேற எங்க போறது? பகல்ல வண்டி ஓட்டினேன், ராத்திரி கொட்டகையில பேருக்குப் பதில் சொன்னேன்.

நாலு மாசம் கழிச்சு உத்தரவு வந்த அன்னைக்குத்தான் எம்பொண்ணு முதத் தடவையா குப்புறக் கவுந்தா. அவ பொறந்தப்பெறகு அன்னைக்கு ராத்திரிதான் முதத் தடவையா நான் வீட்டுல படுத்தேன். நடுச்சாமத்துல பக்கத்துல ஏதோ சத்தம் கேட்டுப் பதறி எந்திரிச்சு, என்ன சத்தம் என்ன சத்தம்னு கேட்டேன். “உங்க மகதான் அழுகுறா”ன்னு பாண்டியம்மா சொன்னா.